கம்புக்குத் தெளித்த தண்ணீர்

உண்ணாமலை ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பது விராலிமலைப் பக்கம் நாலு ஊருக்குத் தெரியும். அவள் புருஷன் ஆத்மநாதனுக்கு இருபத்தாறு வருஷமாகத் தெரியும். விராலிமலையில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர், எத்தனையோ லாரிகளைக் கை காட்டி நிறுத்தியிருக்கிறார். சொந்த சம்சாரத்தை ஒரு நாளும் நிறுத்த முடிந்ததில்லை.

அந்த மாவு மில் அவளிடம் வந்த கதையே அப்படித்தான். முதலில் அவள் அங்கே மாவு அள்ளிக் கொடுக்கும் வேலையில்தான் இருந்தாள். முதலாளி, சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு போய்ச் சேருவதென்று முடிவெடுத்து மிஷினைப் பழைய இரும்புக்குப் போட ஆள் கூட்டிவந்தார். இரும்புக்காரன் மோட்டாரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இவள் குறுக்கே வந்து நின்று, "நாங்க எடுத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டாள். நாங்க என்றால் யார் என்று அப்போது அவளுக்கே தெரியாது. பிறகுதான் வீடு வீடாகப் போய் எட்டுப் பெண்களைச் சேர்த்தாள். பெல்ட் அறுந்தால் மாட்டுவதும், கல் தேய்ந்தால் கொத்துவதும் அவளாகக் கற்றுக்கொண்டது. அதற்கு விலையாக இடது கை மோதிர விரலில் நகம் கிடையாது. வாசல் போர்டில் மகளிர் குழுவின் பெயர் நீளமாக எழுதியிருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் அது உண்ணாமலை மில்.

அவளுக்குக் கம்புப் பைத்தியம் பிடித்தது ஒரு பயிற்சி வகுப்பில். சிறுதானியத்துக்கென்று உலகமே ஒரு வருஷத்தை ஒதுக்கிக் கொண்டாடிய சமயம் அது. புதுக்கோட்டையில் ஒரு மண்டபத்தில் குழுப் பெண்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்கள். சிறுதானிய வகுப்புக்கு மத்தியானச் சாப்பாடு என்ன போட்டார்கள் என்று கேட்காதீர்கள். வெள்ளை வெளேரென்ற அரிசியில் வெஜிடபிள் பிரியாணி போட்டார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு இளம் அதிகாரி திரையில் படம் காட்டினார். நாட்டில் ஒரு ஆளுக்குச் சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் கொழுப்பில் எந்தத் தானியம் எவ்வளவு தருகிறது என்று வரிசையாகப் பட்டை போட்டிருந்தது. அரிசிக்கு ஒரு பட்டை, கோதுமைக்கு ஒரு பட்டை. ஓரத்தில் சிறுதானியம் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பென்சிலால் கீறினாற்போல ஒரு கோடு. அதிகாரி அடுத்த படத்துக்குப் போகப் பார்த்தார். உண்ணாமலை எழுந்து நின்றாள்.

"சார், அந்தக் கடைசிக் கோடு என்னாங்க சார்?"

"அதுவாம்மா? அது ரொம்பச் சின்னது. கணக்குல எடுக்க வேண்டியதில்லை."

அவளுக்குச் சுருக்கென்றது. மில்லில் அரைத்துப் பாக்கெட் போட்டு விற்பதற்காகக் கம்பு மாவை லேபில் கொடுத்துப் பார்த்திருந்தாள். அந்த ரிப்போர்ட் அப்போது அவள் பையில்தான் இருந்தது. எடுத்து விரித்தாள்.

"நூறு கிராம் கம்புல அஞ்சு கிராமுக்கு மேல கொழுப்பு இருக்குன்னு போட்டிருக்குங்க. அரிசியில அரை கிராம்தான்கிறாங்க. பத்து மடங்கு இருக்கிற சாமானுக்கு எப்படி சார் இவ்வளவு ஒல்லியா கோடு போடுறீங்க?"

அதிகாரி நல்ல மனிதர். சிரித்துவிட்டு உண்மையைச் சொன்னார். "கம்புல இருக்கும்மா. சாப்பிடுறதுக்குத்தான் ஆள் இல்லை."

வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் அவளுக்கு அதே நினைப்புதான். சாப்பிட ஆள் இல்லையாம். அப்படியானால் ஆள் பிடிக்க வேண்டியதுதானே என்பது அவள் கணக்கு. வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது ஆத்மநாதன், "கொழுப்புன்னு சொன்னா சனம் பயந்து ஓடும்டி. டாக்டரெல்லாம் கொழுப்பைக் குறைன்னுதானே சொல்றாரு"என்றார். "தின்னு கொழுத்தவுகளுக்கு டாக்டர் சொல்றது அது. காலையில கஞ்சித் தண்ணி குடிச்சிட்டு இஸ்கூலுக்குப் போற பிள்ளைக்கு யாரு சொன்னா?"என்று அவர் வாயை அடைத்தாள்.

அப்படித் தேடிப் பிடித்ததுதான் புதுக்கோட்டை ரோட்டில் இருக்கும் ஒரு பெண்கள் ஹாஸ்டல். நூற்றிருபது பிள்ளைகள். வார்டன் ஞானமணி மேடம் கண்டிப்பானவர், ஆனால் பிள்ளைகள் மேல் உயிர். காலையில் ரவை உப்புமா சாப்பிட்ட பிள்ளைகள் பதினோரு மணிக்கே பசியில் சுருண்டு போகிறார்கள் என்பது அவருக்கு நெடுநாள் வருத்தம். எண்ணெயை அளந்துதான் ஊற்ற முடியும், பால் வாங்கக் கட்டாது. கம்புக் கூழில் அதுவாகவே கொழுப்பு இருக்கிறது, தனியாக எதுவும் ஊற்ற வேண்டாம் என்று உண்ணாமலை ரிப்போர்ட்டை நீட்டியதும் ஒரு லோடு போட்டுப் பார்க்கச் சம்மதித்தார். ஒரு லோடு என்றால் இருபது நாளைக்கு வேண்டிய மாவு.

முதல் நாலு நாள் பிரமாதம். பதினோரு மணிக்கு யாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரவில்லை என்று மேடமே போன் போட்டுச் சொன்னார். உண்ணாமலைக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஏழாம் நாள் காலையில் மறுபடி போன் வந்தது.

"மாவு கசக்குதும்மா. ஒரு பிள்ளை விடாம எல்லாரும் தட்டை அப்படியே வச்சிட்டுப் போயிட்டாங்க. வெறும் வயித்தோட பள்ளிக்கூடம் போயிருக்காங்க."

உண்ணாமலை அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். சமையல்கட்டில் மாவை நாக்கில் வைத்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தொண்டையின் அடியில் ஒரு கசப்பு ஏறி, அரை மணி நேரம் போகவில்லை. நூற்றிருபது பிள்ளைகளை வெறும் வயிற்றோடு அனுப்பிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மேடம் கத்தவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "திருச்சியிலேருந்து ஒருத்தர் கம்பு மாவு பாக்கெட் சாம்பிள் குடுத்திருக்காரு. ஆறு மாசம் கெடாதாம். எங்கிட்ட ரவை ஸ்டாக் ஒன்றரை மாசத்துக்கு இருக்கு. அது முடியறதுக்குள்ள இருபது நாள் தாங்குற மாவு ஒங்களால தர முடிஞ்சா தாங்க. இல்லைன்னா நான் அதை வாங்கிக்குவேன். கோவிச்சுக்காதீங்க"என்று சொல்லி, அந்த பாக்கெட்டில் ஒன்றையும் கையில் கொடுத்தார்.

வெளியே வந்தவளுக்குக் கோபம் திரும்பிய திசை நார்த்தாமலை. கம்பு வாங்கியது அங்கே அடைக்கலத்திடம். செம்மண் காட்டில் வருஷம் தவறாமல் கம்பு போடுகிற ஆள், அதிகம் பேசமாட்டார். போன வருஷத்துப் பழைய கம்பைக் கலந்து கட்டிவிட்டார் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். விசாரிப்போம், பொறுமையாகக் கேட்போம் என்பதெல்லாம் அவளிடம் கிடையாது. நேராகப் பஸ் ஏறினாள்.

அடைக்கலம் பஸ் ஸ்டாப் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். உண்ணாமலை பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்ணே, பிள்ளைக திங்கிறதுல போய் பழசைக் கலந்து குடுத்திருக்கீகளே, நல்லா இருக்கா ஒங்களுக்கு?"

அடைக்கலம் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் கலக்கலை, ஆத்தா."

"கலக்காம எப்படிக் கசக்கும்? நூத்தியிருவது பிள்ளை பட்டினி!"

"புரட்டாசியில அடிச்ச கம்பு. இந்தா இருக்காகல்ல, இவுக கண்ணு முன்னாலதான் அடிச்சேன்."

"சாட்சிக்கு ஆள் வச்சுக்கிட்டா கசப்பு இனிப்பாகிருமா?"

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முகம் கறுத்துவிட்டது. "இனிமே எங்கிட்டுக் கம்பு கிடைக்குதோ அங்கிட்டு வாங்கிக்கங்க"என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். உண்ணாமலை ஜெயித்துவிட்ட மிதப்போடு அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பினாள்.

விராலிமலைக் கடைவீதியில் பார்த்துப் பார்த்துப் புதுக் கம்பாக ஒரு மூட்டை வாங்கினாள். அவளோடு மில்லில் இருக்கும் சுகுணா எப்போதும்போலக் கம்பைக் கொட்டித் தண்ணீர் தெளித்துப் பிசறி, லேசாக இடித்து, மேலே ஒட்டியிருக்கும் சொணையையும் தோலையும் புடைத்து எடுத்தாள். தண்ணீர் காட்டாமல் கம்பை யாராவது இடிப்பார்களா? இடித்தால் சொணை போகாது, தொண்டையில் அரிக்கும். நிழலில் ஆற வைத்து அரைத்தார்கள். டப்பாவில் அடைத்து வைத்துத் தினமும் சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டுப் பார்த்தாள் உண்ணாமலை.

ஆறாம் நாள் கசந்தது.

அவள் அப்படியே மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். இது அடைக்கலத்தின் கம்பு இல்லை. அப்படியென்றால் கோளாறு கம்பில் இல்லை. டீக்கடையில் அவர் டம்ளரைக் கீழே வைத்தது ஞாபகம் வந்தது. வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன.

"அக்கா, பேசாம விட்டுருவமா? கடலை மிட்டாய் போட்டா நல்லா ஓடும்"என்றாள் சுகுணா.

"போடி இவளே"என்று சொல்லிவிட்டு, வார்டன் கொடுத்த திருச்சி பாக்கெட்டை எடுத்துவந்து முதல் முறையாகப் பின்பக்கம் படித்தாள். பளபளவென்று தீட்டிய கம்பு மாவு. கொழுப்பு ஒன்றரை கிராம். அவளுடையதில் ஐந்துக்கு மேல். தவிட்டோடும் முளையோடும் சேர்த்து முக்கால்வாசிக் கொழுப்பையும் தீட்டி எடுத்துவிட்டால் ஆறு மாசம் கெடாமல்தான் இருக்கும். கெடுவதற்கு அதில் என்ன இருக்கிறது? ஆக, கசப்பது அந்தக் கொழுப்புதான். எதை ஊருக்குக் கொடுக்க வேண்டுமென்று இவள் அலைகிறாளோ அதுவேதான் மாவைக் கெடுக்கிறது. நாமும் தீட்டிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். பயிற்சி வகுப்பில் பார்த்த அந்த ஒல்லிக் கோடு கண்முன் வந்தது. அதற்குப் பேசாமல் ரவையையே போடலாம் என்று பாக்கெட்டைத் தூக்கி அலமாரியில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் டூட்டி முடிந்து வந்த ஆத்மநாதன், மூலையில் கிடந்த சாக்கிலிருந்து நாலு நிலக்கடலையை அள்ளி வாயில் போட்டு, உடனே வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பினார்.

"காறிப்போச்சு. இந்தச் சாக்கு நனைஞ்சுச்சா?"

"போன வாரம் குடம் கவுந்துச்சுல்ல, அதுல உடைச்ச கடலை நனைஞ்சிருச்சு"என்றாள் உண்ணாமலை, அடுப்பைப் பார்த்தபடி. சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். பிறகு வந்து சாக்கில் ஒரு கடலையை எடுத்து மென்றாள். தொண்டையின் அடியில் அதே கசப்பு.

உடைத்த கடலை நனைந்தால் காறும் என்று புதுக்கோட்டைச் சீமையில் தெரியாத ஆள் உண்டா? கடலை எண்ணெய்ச் சாமான், அதனால் எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். கம்பையும் எண்ணெய்ச் சாமானாக யாரும் நினைத்ததே இல்லை. வீட்டில் தண்ணீர் தெளித்து இடிக்கிறோம், அன்றைக்கே கூழ் காய்ச்சிக் குடித்துவிடுகிறோம். கெடுவதற்கு அதற்கு நேரம் ஏது? அந்தக் கைப்பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து இருபது நாள் மாவில் அவள் செய்திருந்தாள்.

மறுநாள் மில்லில் ஐந்து பாட்டில்கள் வரிசையாக உட்கார்ந்தன. தண்ணீர் தெளித்தது ஒன்று, தெளிக்காதது ஒன்று, தெளித்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்தது, இளஞ்சூட்டில் வறுத்தது, வாசம் வரும்வரை வறுத்தது என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டினாள். காலையில் டீ குடிக்குமுன் ஐந்தையும் ருசி பார்ப்பது அவள் வேலை. கசப்பு தட்டிய நாட்களில் டீயும் கசந்தது, ஆத்மநாதனுக்குக் கிடைத்த வார்த்தைகளும் கசந்தன. தண்ணீர் தெளித்தது ஐந்தாம் நாள் போனது. தெளிக்காதது பதினோராம் நாள் வரை தாங்கியது. வெயிலில் காய்ந்ததும் அதற்கு மேல் தாங்கவில்லை. இளஞ்சூடு பதினைந்தில் போனது. கடைசியாக ஒரே ஒரு பாட்டில் நின்றது. சொட்டுத் தண்ணீர் படாமல், வாசம் வரும்வரை வறுத்து, அந்தச் சூட்டோடு சூடாகக் கோணியில் போட்டுத் தேய்த்துச் சொணையைக் கழற்றிப் புடைத்து, நன்றாக ஆறவிட்டு அரைத்த மாவு அது. இருபத்திரண்டாம் நாளும் அது நாக்கில் இனித்தது.

ரவை ஸ்டாக் முடிய இன்னும் பத்து நாள்தான் இருந்தது. கடைவீதியில் தேடினால் கம்பு இல்லை, வந்ததெல்லாம் கோழித் தீவனத்துக்குப் போய்விட்டது என்றார்கள். கம்பு இருக்கிற ஒரே இடம் அடைக்கலத்தின் வீடு.

"போன் போட்டு சாரி சொல்லிட்டுக் கேளேன்"என்றார் ஆத்மநாதன்.

"பஸ் ஸ்டாப்புல நாலு பேர் முன்னால பேசினேன். போன்ல போய் சாரி சொல்லுவாகளா?"என்றாள் அவள்.

அன்றைக்கு எந்த பஸ்ஸில் போனாளோ அதே பஸ்ஸில் போனாள். வேண்டுமென்றேதான். டீக்கடையில் அதே ஆட்கள் இருந்தார்கள், அடைக்கலமும் இருந்தார். அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. அவள் பெஞ்சுக்கு நேராகப் போய் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"அண்ணே, ஒங்க கம்புல குத்தமில்லை. நான் தண்ணி தெளிச்சேன், அதுல கெட்டுச்சு. குத்தம் என் கையில. அன்னைக்கு இதே இடத்துல ஒங்களைப் பேசினேன். இதே இடத்துல சொல்லணும்னு வந்தேன்."

அடைக்கலம் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "என் வீட்டுல பேத்திமாரு ரெண்டு பேர் இருக்காக. பிள்ளைக வயித்துல நான் அடிப்பனா?"என்றார். அதைக் கேட்டதும் உண்ணாமலை அழுதுவிட்டாள். சாதாரணமாக அழுகிற ஆள் இல்லை அவள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையோடு கொண்டுவந்திருந்த பாட்டிலை நீட்டினாள்.

"இருவத்தி ரெண்டு நாளு ஆச்சு. ருசி பாருங்க."

அவர் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தார். காத்திருந்தார். டீக்கடைக்காரர் உட்பட எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"நாளான்னைக்குக் கோழித் தீவன லாரி வருது. பதினாலு மூட்டைக்கும் வாக்குக் குடுத்துட்டேன்"என்றார் கடைசியில். அவர் எழுந்தார். "அவன்கிட்ட ரெண்டு மூட்டை குறையுதுன்னு சொல்லிக்கலாம். மத்ததைப் பத்தி இப்ப பேச வேணாம்."

அந்த இரண்டு மூட்டையும் மில்லுக்கு வந்து சேர்ந்ததும் மூன்று அடுப்பு மூட்டினார்கள். ஒன்பது பெண்களும் இரண்டு நாள் முறை வைத்து வறுத்தார்கள். "கம்புக்குத் தண்ணி காட்டாம இருக்கிறது என்னமோ பாவம் பண்ற மாதிரி இருக்குக்கா"என்று சுகுணா முனகினாள். பழக்கதோஷத்தில் அவள் கை சொம்பைத் தேடிப் போவதைப் பார்த்து, உண்ணாமலை மில்லில் இருந்த சொம்பு, குடம், வாளி எல்லாவற்றையும் தூக்கிக் கொல்லைப்பக்கம் வைத்துப் பூட்டினாள். தாகம் எடுத்தவர்கள் பக்கத்து வீட்டில் போய்த் தண்ணீர் குடித்தார்கள். ரவை தீர இரண்டு நாள் இருக்கும்போது மாவு ஹாஸ்டலில் இறங்கியது. ஒரு கிலோ மாவைத் தனியாகக் கட்டி, அரைத்த தேதி எழுதி, பஸ் கண்டக்டர் மூலம் நார்த்தாமலை அடைக்கலத்துக்கும் அனுப்பினாள்.

பிறகு நாள் எண்ணுவதுதான் பாக்கி. ஏழாம் நாள் காலையில் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். அடிக்கவில்லை. பதினைந்தாம் நாள் அவளாகவே ஹாஸ்டலுக்குப் போய், சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே ஜன்னல் ஓரமாக நின்று தட்டுகளைப் பார்த்தாள். கழுவப் போட்ட தட்டுகளில் ஒட்டக்கூட மிச்சமில்லை. உள்ளே போகாமலே திரும்பிவிட்டாள்.

இருபதாம் நாள் போன் வந்தது. உண்ணாமலை மிஷினை நிறுத்திவிட்டு எடுத்தாள்.

"கடைசிப் பாக்கெட்டை இன்னைக்குப் பிரிச்சோம்"என்றார் ஞானமணி மேடம். "நானும் ஒரு டம்ளர் குடிச்சேன். முதல் நாள் எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. திருச்சிக்காரருக்கு வேணாம்னு சொல்லிட்டேன். அடுத்த லோடு எப்ப தாரீங்க?"

"தாரேன் மேடம்"என்று சொல்லிவிட்டாளே தவிர, போனை வைத்ததும் காலிச் சாக்குகளைத்தான் பார்த்தாள். எதை வைத்துத் தருவது? தீவன லாரி வந்து போய் எத்தனையோ நாளாகிவிட்டது. மில்லில் ஒரு படி கம்பு இல்லை. சரி, தேனிப் பக்கமோ அதற்கும் அப்பாலோ எங்கே கிடைத்தாலும் போய் எடுத்துவருவது என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. பின்னால் பன்னிரண்டு மூட்டை. அடைக்கலம் இறங்கி, மடியிலிருந்து அவள் கொடுத்தனுப்பிய அந்த மாவுப் பாக்கெட்டை எடுத்தார். வாய் பிரித்து, மேலாகக் கொஞ்சம் குறைந்திருந்தது.

"அன்னைக்கே லாரிக்காரனைத் திருப்பி அனுப்பிட்டேன்"என்றார். "தினம் காலையில ஒரு சிட்டிகை வாயில போட்டுப் பார்த்துக்கிட்டிருந்தேன். இன்னைக்கு இருபதாம் நாளு."

உண்ணாமலை தோளில் மாட்டிய பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

அவர் முதல் மூட்டையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டே சொன்னார். "ஒங்க கையில குத்தமில்லை, ஆத்தா. எங்கிட்டு இறக்கட்டும்?"